மசங்கல் வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கோப்

அடுப்புக் கதவைச் சாத்திவிடுங்கள். அந்தத் தணல் கண்ணில் அடித்தால் எனக்குச் சொல்ல வராது... ம். சரி.

நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரை மணி. மேட்டுத் தோப்புக்குப் போகிற பாதை உங்களுக்குத் தெரியும். மரம் அறுக்கிற மில்லைத் தாண்டிவிட்டால் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்தப் பாதையில் ஒரே ஒரு கார் போகிறது. ஓட்டுகிறவன் என் சிநேகிதன் ராதிம். பக்கத்தில் அவன் தங்கை ப்ளாங்காவின் புருஷன் லூதெக். லூதெக்கின் மடியில் ஒரு கம்பளித் துணி. துணிக்குள், துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கிற இரண்டு ஸ்கோப்.

இதெல்லாம் ராதிம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராதிம் பொய் சொல்லக்கூடியவன்தான். ஆனால் தான் அடித்த பன்றியின் எடையில் மட்டும். மற்றதில் சொல்ல மாட்டான்.

லூதெக்குக்கு அந்த மில்லில்தான் வேலை. ஐம்பது தாண்டிய ஆள். அதற்கு முந்தைய வருஷம், இதே மாதிரி இருட்டும் வெளிச்சமும் கலந்த மசங்கல் நேரத்தில், புதருக்குள் கறுப்பாக ஒன்று குனிந்து நகர்ந்தது. வேட்டைப் பரண் மேலிருந்து, பன்றி என்று குறி வைத்தான். விரல் விசையில் இருக்கிறது... அப்போது அந்தப் பன்றி இருமியது.

காளான் பொறுக்க வந்த பெரியவர் ஒருவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி போய்விட்டார். லூதெக் பரணிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ப்ளாங்கா துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“ஒண்ணு, இருட்டுல ஆளு எது மிருகம் எதுன்னு தெரியற மாதிரி கண்ணாடி வாங்கு. இல்லாட்டி இதை வித்துத் தொலை. யாரையாவது கொன்னுட்டு வந்து என் முன்னால நிக்காதே.”

ஒரு வருஷம் அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. அப்புறம்தான் டவுனுக்குப் போனான். துப்பாக்கிக் கடை யார்மிலாவைத் தெரியுமல்லவா, ஒருத்தரையும் கடைக்குள்ளே ஸ்கோப் பார்க்க விட மாட்டாள்.

“டியூப் லைட்டு வெளிச்சத்துல எல்லாமே பளிச்சுன்னுதான் தெரியும். எடுத்துட்டுப் போங்க. பொழுது சாயறப்ப காட்டுல வெச்சுப் பாருங்க. அப்பத்தான் அதோட வண்டவாளம் தெரியும்” என்று இரண்டைக் கொடுத்திருக்கிறாள். ஒன்று புத்தம் புதுசு. இன்னொன்று கைமாறி வந்தது. குழாய் தேய்ந்து வெளுத்திருந்தது. முன்கண்ணாடி மட்டும் சூப் கிண்ணம் மாதிரி அகலம். எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டைக் காலி பண்ணியபோது வந்ததாம்.

“பெரிய கண்ணாடின்னு ஏமாந்துடாதீங்க. வயசாக ஆக நம்ம கண்மணி இருட்டுல அவ்வளவா விரியாது. அது கொண்டாந்து கொட்டற வெளிச்சத்துல பாதி கண்ணுக்கு வெளியே போயிடும். உங்களுக்குப் புதுசுதான் சரிப்படும்” என்றும் சொல்லி அனுப்பினாள்.

பரண் ஏறினார்கள். எதிரே தோப்பு. ஒரு காலத்தில் அங்கே ஊர் இருந்தது. யுத்தம் முடிந்ததும் அந்த ஜனங்களை லாரியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆப்பிள் மரம் மட்டும் யாருக்காகவோ காய்த்துக்கொண்டிருக்கிறது. அழுகின ஆப்பிள் வாசனை... புளித்த சாராயம் மாதிரி பரண் வரைக்கும் வந்தது.

இருட்டு கவிய ஆரம்பித்தது. முதலில் சத்தம்தான். நறுக்... நறுக்... பன்றிகள் ஆப்பிளைக் கடிக்கிற சத்தம்.

லூதெக் புது ஸ்கோப்பைக் கட்டை மேல் வைத்துப் பார்த்தான். நாலைந்து பன்றி. விளிம்பு கொஞ்சம் மங்கல். அதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்தான்.

யார்மிலா சொன்ன கணக்குப்படி அது அவனுக்கு இன்னும் மங்கலாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியவில்லை. மதியம் மாதிரி இருந்தது. மரப்பட்டையின் வெடிப்பு தெரிந்தது. பன்றியின் முதுகு மயிர் தெரிந்தது. பன்றிகளுக்கு நடுவில்... ஒரு பொம்பளை.

குனிந்து ஆப்பிள் பொறுக்கி இடுப்பில் கட்டிய முன்துணியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதே நேரம் ராதிம் தன் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை விலக்கினான். ஒதுங்கி நின்ற இளம்பன்றி ஒன்றைக் குறி வைத்திருந்தான்.

“சுடாதே! ஆளு நிக்குது!”

ராதிம் தன் ஸ்கோப்பில் பார்த்தான். யாரும் இல்லை. கீழே கிடந்த புதுசை எடுத்துப் பார்த்தான். யாரும் இல்லை.

“இதுல பாரு மச்சான்... இதுல பாரு” என்று லூதெக் பழையதை நீட்டினான்.

“போன வருஷத்துப் பயம் உனக்கு இன்னும் தெளியலை. பேசாம இரு. பன்னி ஓடிடும்.”

சுட்டுவிட்டான்.

பன்றிக் கூட்டம் சிதறி ஓடியது. அப்புறம் சத்தமே இல்லை. லூதெக் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிமிர்ந்துட்டா” என்றான். “இங்கதான் பார்க்கறா.”

ராதிமுக்கு எரிச்சல். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். பன்றி செத்துக் கிடந்தது. ரத்தத்தில் ஆவி பறந்தது. வேறு ஒன்றும் இல்லை. பரணைப் பார்த்துக் கத்தினான்.

“எங்கடா உன் ஆளு? இங்க ஒரு மண்ணும் இல்லை!”

பரணிலிருந்து லூதெக்கின் குரல். கத்தவில்லை. உப்பை எடு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

“உன் பக்கத்துல.”

அன்றைக்குப் பன்றியை ஒற்றை ஆளாகக் கார் வரைக்கும் எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது என்றான் ராதிம்.

மறுநாள் லூதெக் கடைக்குப் போனான். புதுசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதை வைத்துக்கொண்டான்.

“நான் அவ்வளவு சொல்லியும் இதைப் போய் எடுக்கறீங்களே?” என்றாள் யார்மிலா.

“அங்க இருக்கற எல்லாரையும் காட்டுது. எனக்கு அதுதான் வேணும்.”

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

அதற்கப்புறம் ஓய்ந்த பொழுதெல்லாம் லூதெக் அந்தப் பரணுக்குத்தான் போனான். ஒரு பன்றிகூட அடித்துக்கொண்டு வரவில்லை. “நீ பன்னியைப் பார்க்கப் போறியா, எவளையாவது பார்க்கப் போறியா?” என்று ப்ளாங்கா சாப்பாட்டு மேஜையில் கேலி பண்ணினாள். எல்லோரும் சிரித்தார்கள். லூதெக் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அப்புறம் அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ராதிம்தான் பாவம். பார்க்காமல் சுட்டது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. நீட்டினானே, ஒரு கணம் பார்த்திருக்கலாமே... அடுத்த இலையுதிர் காலத்தில் அவனே போய்க் கேட்டான்.

“என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போ மச்சான். பார்த்துடறேன். பார்த்துட்டா நிம்மதி.”

போனார்கள். அதே பரண், உட்கார அதே பலகை. ஒரு ஓரத்தில் லூதெக், மறு ஓரத்தில் ராதிம். காற்று இல்லை. ஒரு பறவைகூட இல்லை. லூதெக்கின் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. அந்த வருஷம் முழுக்க அவன் தோட்டா போட்டதே இல்லையாம். மசங்கல் வந்ததும் பழைய ஸ்கோப் மாட்டின அந்தத் துப்பாக்கியை ராதிமிடம் கொடுத்தான்.

ராதிம் கண்ணை வைத்தான். வெளிச்சம் கொட்டியது. புல் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு முயல் காதை ஆட்டியது. தோப்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தான்.

“ஒருத்தரும் இல்லையே மச்சான்!” என்றான். சிரிப்பே வந்துவிட்டதாம் அவனுக்கு. ஒரு வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி.

லூதெக் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தான். தோப்பில் ஆரம்பித்தான். அப்புறம் குழாயைக் கொஞ்சம் தாழ்த்தினான். இன்னும் தாழ்த்தினான். தோப்பு முடிந்து, புல்வெளி முடிந்து... பரணின் காலடி வரைக்கும் தாழ்த்தினான். அங்கே நிறுத்தினான். கண்ணை எடுத்துவிட்டான்.

“என்னடா?”

“ரொம்பக் கிட்ட வந்துட்டா இதுல தெரியாது. புகை மாதிரித்தான் இருக்கும்.”

கீழே ஏணியில் ஒரு படி முனகியது.

அடுத்த படி.

ராதிம் எட்டிப் பார்த்தான். ஏணி காலியாக இருந்தது. ஆனால் பனி படிந்த படிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே மேலே வந்தன... அவசரமில்லாமல், கனமான எதையோ சுமந்து ஏறுகிறவர்கள் ஏறுகிற மாதிரி.

லூதெக் பயப்படவில்லை. பக்கத்தில் வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நன்றாக ஓரமாக நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டான். பழகினவர்களுக்கு விடுகிற மாதிரி.

பலகை தாழ்ந்தது.

“அவன் பக்கம் இல்லை” என்று என்னிடம் சொன்னான் ராதிம். “என் பக்கம்.”