தெரு முழுக்க ஒரே கார்டு

"எங்க தெருவுல யாரு பிரிட்ஜ் வாங்கினாலும் என் கார்டுலதாம்லே வாங்குதாங்க."

பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறியதும் காதில் விழுந்தது இது. சொன்னவர் காய்கறிக் கமிஷன் கடைக்காரர். பக்கத்தில் அவருக்குத் தெரிந்த டெம்போ டிரைவர்.

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"அவங்க ரூவாய எங்கிட்ட தந்துருவாங்க. நான் கார்டத் தேய்ப்பேன். பாயிண்டு எனக்கு ஏறும். பாயிண்டு சேந்தா பிளைட் டிக்கெட்டு."

"பிளைட்டுல எங்க போகப் போறீய?"

"மக துபாய்ல மாசமா இருக்கால்லா. பிரசவத்துக்கு இங்கன வர லீவு இல்ல. நாமதான் போணும்."

போனை எடுத்துக் காட்டினார்.

"மதுரையில ஏறினா ரேட்டு கூடுதலா கேக்கான். திருவனந்தபுரத்துல செவ்வாக்கிழமை ஏறினா கம்மி. தெனமும் பாத்து, நேத்துதான் போட்டேன்."

"அப்ப நீங்களும் மைனியும் கிளம்பியாச்சு."

"உங்க மைனிக்கு மட்டும்தாம்லே. எனக்குப் பாயிண்டு பத்தல."



"பேரப்பிள்ளைய நீங்க பாக்க வேண்டாமா?"

"பாக்கணும். ஆனா தெருவுல எல்லார் வீட்டுலயும் பிரிட்ஜ் வந்துட்டு. இனி எவன் வாங்குவான்?"

முன் சீட்டில் இருந்த பெண் திரும்பினாள். அவர்களுக்கு அறிமுகம் இல்லாதவள்.

"அண்ணாச்சி, நான் தென்காசிக்குக் கிரைண்டர் வாங்கத்தான் போறேன். ரூவா இருக்கு. கார்டு கையில வச்சிருக்கீயளா?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

தென்காசியில் அவரும் அந்தப் பெண்ணும் இறங்கினார்கள். கிரைண்டரைத் தூக்க ஆள் வேணும்லா என்று டிரைவரும் பின்னால் போனார்.