மதில் நீளத் திரி

கையில இருக்கிற அந்த வெள்ளி அணைப்புக் குப்பியைக் கீழ வைங்க சாமி. இந்தத் திரியை அணைக்கக் கூடாது. ஊதவும் கூடாது. பிஷப்பு உங்களை எதுக்கு அனுப்பினாருன்னு தெரியாமயா இருக்கேன்? நெருப்பை அணைச்சு, மிச்சத் திரியைப் பட்டுல சுத்தி, பல்லக்குல வெச்சு, பெரிய கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகணும். அவ்வளவுதானே? இதோ, கீழ சொட்டின மெழுகு ஒரு கூடை நிறைய கெடக்கு. அதை அள்ளிக்கிட்டுப் போங்க. எரியறதுல மட்டும் கை வைக்காதீங்க.

நானா? நான் மெழுகுதிரிக்காரி. இதைச் செஞ்சவ. கோயில்பிள்ளை யோரிஸ் உங்ககிட்ட சொல்லலையா? சொல்ல மாட்டான். அற்புதம்னு சொல்லிட்டு, பக்கத்துல விரலெல்லாம் தீக்காயத்தோட ஒரு கிழவி நின்னா நல்லாவா இருக்கும்? மாதாவே வந்து செஞ்சு குடுத்த மாதிரி சொல்லியிருப்பான்.

மூக்குல கிராம்புப் பொட்டலத்தை அப்படி அழுத்தாதீங்க, மூச்சு முட்டும். எங்க ஊரு வைத்தியர் கழுத்துல கிராம்பு மாலையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. ஈஸ்டர் வரைக்கும்கூடத் தாங்கல. குழியில எறக்கும்போது மட்டும் நல்லா மணந்தாரு, அதைச் சொல்லணும்.

சரி, எழுதிக்கோங்க. எழுதத்தானே வந்தீங்க. போன குளிர்காலம் கொள்ளை நோய் ஊருக்குள்ள பூந்துது. மூணுல ஒரு பங்கு ஜனம் போச்சு. நகரசபைக்காரங்க கூடினாங்க. எல்லாம் பெரிய மூளைங்க. சாக்கடையைத் தோண்டலாம்னு ஒருத்தனுக்குத் தோணல. செத்தவங்களை எங்க பொதைக்கிறதுன்னு ஒருத்தன் கேக்கல. மதில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு மெழுகுதிரி செஞ்சு மாதாவுக்கு ஏத்துறதுன்னு நேந்துக்கிட்டாங்க. ஊரைச் சுத்தி நூலைப் புடிச்சு அளக்கணும், அதே நூல்தான் திரி. நூலுக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் மாதா கணக்கு. நோய் அந்த நூலைத் தாண்டாதாம். நோய் ஏற்கனவே உள்ளதான் உக்காந்திருக்குன்னு சொன்னேன். சபைத் தலைவர் போதெவைன் என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, சபைக்குள்ள ஆடு வந்து கத்தின மாதிரி.

அளக்கிறதும் அவருதான் ஆரம்பிச்சாரு. கொடி என்ன, மேளம் என்ன, பெரிய வாசல்லேருந்து நூல் முனையைப் புடிச்சுக்கிட்டு மதில்மேல நடக்கிறாரு. நாப்பது எட்டு வெச்சிருப்பாரு, மேல்மூச்சு வாங்கிருச்சு. ஃபிளாண்டர்ஸ் மழை வேற, தெரியுமே உங்களுக்கு. இந்தாம்மா, மிச்சத்தை நீயே புடிச்சுக்கிட்டு வந்திருன்னு நூலை என் கையில குடுத்துட்டு பீர் குடிக்கப் போயிட்டாரு. ஊரைச் சுத்தினவ நான். சாசனத்துல யாரு பேரு இருக்கு? போய்ப் பாருங்க, தங்க மையில எழுதியிருக்கு.

அவரா? மார்ச் மாசம் போய்ச் சேந்தாரு. நூலுக்குள்ளதான் இருந்தாரு, பாவம்.

இருங்க, அவசரப்படாதீங்க, அந்த நாப்பது நாளுக்குத்தான் வர்றேன். கிறிஸ்துமஸுக்கு ஏத்தினது செப்டம்பர் கடைசியில வர்ற மிக்கேல் சம்மனசு திருநாளோட எரிஞ்சு முடியணும். நான்தான் கணக்குச் சொன்னேன், என் கணக்கு தப்பாது. அன்னிக்கு ஊரே வந்து நின்னுது. அணையல. மறுநாளும் அணையல. யோரிஸ் முட்டி போட்டான். அப்புறம் ஊரே முட்டி போட்டுது. இன்னிக்கோட நாப்பது நாள். அதைக் கேட்டதும் உங்க பிஷப்பு நாற்காலியிலேருந்து குதிச்சிருப்பாரே? நாப்பதுன்னா விடுவீங்களா நீங்க? முப்பத்தேழு நாளா இருந்தா உங்களுக்கு ஒரு கழுதைகூடக் குடுத்து அனுப்பியிருக்க மாட்டாரு.

அற்புதமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நூல் கூட இருந்துது. அவ்வளவுதான். திரி சுத்தின உருளை பீடத்துக்குப் பின்னாடி இருக்கு. இத்தனை பேர் அழுது கும்பிட்டாங்களே, ஒருத்தனாவது எட்டிப் பாத்தானா? பாக்க மாட்டான்.

யாரு கூட வெச்சா? நான்தான் வெச்சேன். வேற யாரு?

மதிலுக்கு வெளிய, ஆத்தோரமா, தோல் பதனிடுறவங்க தெரு ஒண்ணு இருக்கு. பன்னெண்டு வீடு. வரும்போதே நாத்தத்துல தெரிஞ்சிருக்கும், அதுக்குத்தானே கிராம்பு? அளக்கிற அன்னிக்கு அந்த ஜனங்க தொப்பியைக் கையில கழட்டி வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. எங்க தெருவையும் சேத்து அளங்கய்யான்னு கெஞ்சினாங்க. மதில்னா மதில்தான், அதுவுமில்லாம அந்த நாத்தம் மாதாவுக்கு ஆகாதுன்னாரு போதெவைன். மாட்டுக்கொட்டாயில புள்ள பெத்தவளுக்கு நாத்தம் ஆகாதாம்! அந்தத் தோலுல தச்ச பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் இதைச் சொன்னாரு.

எனக்கு வயிறு எரிஞ்சுது. அவங்கமேல பாசம்னு நெனைக்காதீங்க. போதெவைன் மேல உள்ள வெறுப்பு. ஊரைச் சுத்தி முடிச்சதும், நூல் முனையில இன்னொரு கண்டு நூலை முடிஞ்சேன். ஆத்து வாசல் வழியா எறங்கி வீட்டுக்கு வீடு சுத்திக்கிட்டே போனேன். ஒரு வீட்டுக்கு ஒரு முடிச்சு. எரியும்போது முடிச்சு வந்தா திரி படபடன்னு பொரியும். ஜனங்க மாதா பேசுறான்னாங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை மாதா பேசினா.

கணக்குப் போடுறீங்களா? போடுங்க, போடுங்க. பன்னெண்டு வீடு, வீட்டுக்கு மூணு நாள். முப்பத்தாறு. ஆமா, நாலு ஒதைக்குது. பரவாயில்லையே, யோரிஸைவிட உங்களுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு.

அதான் சொல்லிட்டேனே சாமி, அற்புதம் இல்லன்னு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு ஊருக்குக் கெளம்புங்க. என்னைப் புடிச்சுக் குடுக்கணும்னா குடுங்க, கடை எங்க இருக்குன்னு யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. அந்தக் குப்பியை மட்டும் தூக்காதீங்க. கையை எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல!

கத்தல. சரி, கத்தினேன்.

அற்புதம் இல்லன்னா அணைச்சா என்னங்கிறீங்க. நல்ல கேள்வி. படிச்சவங்க இல்லையா.

அந்தத் தெருவுல கடைசி வீடு வவுட்டர்ங்கிற ஒருத்தனோடது. ஆத்துத் தண்ணியில இடுப்பளவு நின்னு தோல் அலசுறவன். எத்தனை தடவை குளிச்சாலும் போகாத நாத்தம். அவனைத்தான் கட்டுவேன்னு போனா ஒருத்தி. என் வீட்டு மெழுகு வாசனையில வளந்தவ. போகட்டும். அஞ்சு வருஷம் நான் அவகிட்ட பேசல. அவ அனுப்பின ரொட்டியைப் பன்னிக்குப் போட்டேன். அன்னிக்கு நூலைப் புடிச்சுக்கிட்டு அந்த வீட்டைச் சுத்தும்போது ஜன்னல்ல நின்னா. நான் நிமிந்து பாக்கல. நூலைத்தான் பாத்தேன்.

செவ்வாக்கிழமை ராவோட தெரு நூல் முடியணும். விட்டது சனியன்னு, உருளையை எடுத்துட்டுப் போக நானும் வண்டி சொல்லி வெச்சிருந்தேன். செவ்வாக்கிழமை மத்தியானம் அந்த வவுட்டர் என் கடை வாசல்ல வந்து நிக்கிறான். உள்ள வரல, அந்த அளவுக்கு அறிவு இருக்கு. உங்க மாக்தெல்டுக்கு அக்குள்ள கட்டி வந்திருக்கும்மான்னான். மெழுகு அடி புடிச்சிருமேன்னு கிண்டிக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் நூலை எடுத்துக்கிட்டுப் போனேன்.

ஆமா, அந்த நாலு நாள் அதுதான். தெனம் விடிஞ்சதும் போறேன். அந்த வீட்டு முன்சுவரை, இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும் அளக்கிறேன். ஒரு நாள் எரியிறதுக்கு அது சரியா இருக்கும். கடைக்கு வந்து மெழுகுல தோய்ச்சு, இங்க கொண்டாந்து திரி வாலோட ஒட்டிர்றேன். நம்பிக்கையா? எனக்கா? இத்தனை நேரம் என்ன கேட்டுக்கிட்டு இருந்தீங்க? மாதாவுக்கு வேற வேலை இல்லையா, தோல்காரன் வீட்டு முன்சுவரை எண்ணிக்கிட்டு இருக்க? நாலு நாள் தாண்டினவங்களை இந்த ஊருல நான் விரல் விட்டு எண்ணிருவேன், அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னிக்குக் காலையில அளக்கும்போது உள்ளேருந்து சத்தம் வந்துது. யாரு வெளியன்னு கேட்டா. குரல் நல்லாத்தான் இருந்துது, கொஞ்சம் கம்மல். நான் நூலைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்.

நகருங்க சாமி. உருளையில இனி ஒரு சாண்தான் இருக்கு, ஒட்டணும். நிக்கிறதுன்னா சும்மா நிக்காதீங்க, இந்த முனையைப் புடிங்க. கிராம்பைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் புடிங்க.