கடல்பாலத்து ஓங்கில்

சூசைநாதன்: ...பொரியல் ருசிதான்க்கா. இன்னும் ஒரு பிரட்டு பிரட்டியிருக்கலாம்.

ஆனந்தமேரி: பசி பசின்னு பறந்தது யாரு? தட்டுல ஒண்ணும் மிச்சம் காணோமே!

சூசைநாதன்: நேத்து பூரா எனக்குச் சோறே எறங்கல. கடல்ல துள்ளித் துள்ளிப் போகுமே, அந்த ஓங்கில் ஒண்ணு கரை ஒதுங்குச்சில்ல, அத நம்ம பிரெஞ்சுக்கார டாக்டர் முசே அறுத்தாரு. நான்தான் கூடப் புடிச்சேன்.

ஆனந்தமேரி: அவருகிட்ட வேலைக்குச் சேந்ததுலேர்ந்து வாயத் தொறந்தா குடலு, ஈரலுதான். எவடா உன்னக் கட்டிக்குவா?

சூசைநாதன்: கேளுக்கா. ஓங்கில் மீனே இல்லியாம். நம்மள மாதிரி மூச்சு விடுது. குட்டி போடுது. மாருல பாலு இருந்துச்சு...

ஆனந்தமேரி: ஐயோ... குட்டி?

சூசைநாதன்: கடல்பாலத்துக்கிட்ட இன்னும் சுத்துது. தலையத் தூக்கித் தூக்கி கரையப் பாக்குது.

ஆனந்தமேரி: போதும், நிறுத்து.

சூசைநாதன்: நுரையீரல்ல கத்திய வச்சாரு, நறநறன்னுச்சு. கல்லு!

ஆனந்தமேரி: ஒடம்புக்குள்ள ஏதுடா கல்லு?

சூசைநாதன்: புழு பூந்திருக்கு. வெரட்ட முடியலன்னா, ஒடம்பே ரத்தத்துலேர்ந்து ஆளனுப்பி, சுத்தி வளைச்சு, சுவரு எழுப்பிடுமாம். மேல சுண்ணாம்பு ஏறிடுமாம். புழு உள்ளயே சமாதி.

ஆனந்தமேரி: நம்ம சுவத்த முடிக்காம ஓடுன கொத்தனாருக்கு அது தேவல!

சூசைநாதன்: சிரிக்காத. கொழுப்புலயும் இருந்துச்சு. வெள்ளை வெள்ளையா, அரிசி அளவுக்கு, கொத்துக் கொத்தா. சுத்தி சுவருதான். ஆனா அங்க புழு சாவல.

ஆனந்தமேரி: ...கொத்துக் கொத்தாவா?

சூசைநாதன்: ஒண்ணக் கீறி, வெதுவெதுப்பா தண்ணி வச்சு அதுல போட்டாரு. நெளிஞ்சு... தலைய வெளிய நீட்டுச்சு. ஓங்கில் செத்துடுச்சு. புழு சாவலக்கா!

ஆனந்தமேரி: உள்ள அடைஞ்சு கெடந்து... என்னடா பண்ணும்?

சூசைநாதன்: காத்திருக்கும். சுறா வந்து ஓங்கிலத் திங்கணும். சுறா வயித்துக்குள்ள போனாதான் அது முழுசா வளருமாம்.

ஆனந்தமேரி: சுறா இல்லாம... வேற யாராச்சும் தின்னா?

சூசைநாதன்: நானும் கேட்டேன். தெரியலன்னு கைய விரிச்சிட்டாரு. ஏன் அப்படிப் பாக்குற?

ஆனந்தமேரி: ஒண்ணுமில்ல. வெந்தா செத்துடுமில்ல?

சூசைநாதன்: நல்லா வெந்தா சாவும். என்னக்கா இப்படி வேர்க்குது? ஒருவேளச் சோத்தோட ஒருசந்தி இருக்குற மயக்கமா? ரெண்டு வாய் சாப்பிடேன்.

ஆனந்தமேரி: சூசை... அறுத்தத என்னடா பண்ணீங்க?

சூசைநாதன்: சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கச் சொன்னாரு...

ஆனந்தமேரி: பொதைச்சியா?

சூசைநாதன்: அத விடுக்கா. தண்ணி குடு.

ஆனந்தமேரி: மாதா மேல ஆணையா சொல்லு!

சூசைநாதன்: குழி தோண்டத்தான் போனேன். அந்தக் குட்டி பாத்துக்கிட்டே இருந்துச்சுக்கா... கை ஓடல. மீன்காரி அஞ்சலாட்சி கூடையோட வந்தா. சுறா தூண்டிலுக்கு இரை வேணும்னு நின்னா. அள்ளிக்கன்னுட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாத, வேலை போயிடும். சுறாவுக்குத்தானே...

ஆனந்தமேரி: அவ காலையில நம்ம வாசல்ல கூடைய எறக்குனா.

சூசைநாதன்: யாரு... அஞ்சலாட்சியா?

ஆனந்தமேரி: தவசுகாலத்து வெள்ளிக்கிழமை கறிதான் ஆவாது, மீனு இல்லாம எப்படின்னு கேட்டா. மீனு வேணாம், எனக்கு ஒருசந்தின்னேன்.

சூசைநாதன்: அப்பாடா... வாங்கலல்ல?

ஆனந்தமேரி: பெரிய மீனோட சினை முட்டைன்னு, எலையில வச்சுக் காட்டுனா. வெள்ளை வெள்ளையா... கொத்துக் கொத்தா. உனக்குப் புடிக்குமேன்னு, மொத்தத்தையும் உனக்குத்தாண்டா பொரிச்சுப் போட்டேன்.