பத்து மணி பிளேன்

— பிளேன் வந்தது பத்து மணிக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், வேலாயிம்மா?

— தேயிலைக் கொழுந்து நிறுக்குற நேரந்தானே மர்ஸூக் தம்பி. கங்காணிகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, ஏழாம் நம்பர் மலையில வெள்ளச் சீலைய விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வச்சோம். மேல இருந்து பாக்குறப்ப ஏம் மகனுக்கு நாங்க நிக்கிற எடம் தெரியணும்ல?

— உங்கட மகன் வீரசிங்கந்தான் விரிக்கச் சொன்னாரா?

— பின்ன? காயிதத்துல எழுதியிருந்தானே. மட்டக்களப்புல இருந்து கொழும்புக்குப் போறப்ப, நம்ம ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு எறங்கி வந்து றெக்கைய ஆட்டிக் காட்டுறேன்னு. கணக்கப்பிள்ளை மூணு தடவை வாசிச்சுக் காட்டுனாரு.

— எறங்கி வந்தாரா?

— அடியாத்தி, சவுக்கு உச்சிய ஒரசிக்கிட்டுல்ல போனான்! கொப்பு முறிஞ்சு விழுந்துச்சு. நாங்க கை தட்டுறோம், புத்தி கெட்ட சனம். அப்புறம் பனி வந்து மூடிருச்சு. சத்தம் மட்டும் நமுனுகுல மலைப் பக்கமா சுத்திச் சுத்தி வருது. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

— அப்பதான் கொழும்பு எயார்போட் டவர்ல டியூட்டில இருந்த எனக்கு ரேடியோவுல அவர்ட குரல் கேட்டிச்சு.

— தெரியும் சாமி. ஏம் புள்ளைய நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு பதுளையில ஒங்க வாப்பா கடையில சொன்னாங்க. கண்ணுல படாத பிளேன எப்புடித் தம்பி கொண்டாந்தீங்க?

— அவருக்கும் வெளிய ஒண்ணும் தெரியல்ல. வெளிய பாக்காதீங்க, முன்னால ஈக்கிற மீட்டர் முள்ளுகள மட்டும் பாருங்கன்னேன். ஏறுங்க, இன்னும் ஏறுங்க, இப்ப திருப்புங்க. இங்கிலீசுலதான் பேசணும்மா. அவருக்கு நாக்கு கொழறிட்டு, தமிழுக்கு மாறிட்டேன். மலையத் தாண்ட வச்சு, பொறகு கொஞ்சங் கொஞ்சமா எறக்கினேன். மேகம் விலகினப்ப நேர முன்னால ஓடுபாதை. எறங்கி வந்து என்ட கையப் புடிச்சு அழுதார்.

— என் ராசா...

— மலைக்குள்ள எறங்கினத டவர் புத்தகத்துல எழுதிராதீங்க அண்ணே, வேல போயிரும்னார். தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து பிளேன் ஓட்டுற புள்ள. நான் எழுதல்ல.

— நீங்க நல்லா இருக்கணும்.

— நல்லா இல்லம்மா. சவுக்குல பட்டு றெக்கை நசுங்கினதுக்கு விசாரணை. மர்ஸூக்தான் பொழையான உயரத்தச் சொல்லி எறக்கினான்னு உங்கட மகன் எழுதிக் குடுத்திட்டார்.

— யாரு? ஏம் மகனா?

— கையெழுத்தப் பாத்தேன். என்னை வேலையால நிப்பாட்டியாச்சு. திங்கக்கிழமை கடைசி விசாரணை. எறங்கி வாறேன்னு அவர் எழுதின அந்தக் காயிதம் இருந்தா நான் தப்புவேன்.

— காயிதம் எங்கிட்ட இல்லையே தம்பி. போன ஞாயித்துக்கெழம வந்து வாங்கிட்டுப் போனான்.

— வந்தாரா?

— மூணு வருசத்துக்கு அப்புறம். கறி கொதிக்கிறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டான். என்னயப் பாக்கத்தான் வந்தான்னுல்ல நெனச்சேன்.

— அப்ப நீங்க வந்து சொல்லுங்கம்மா. கண்ணால கண்டத மட்டும். நானே கூட்டிக்கிட்டுப் போறேன். எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளைகள்.

— சொன்னா அவன் வேல போயிருமா?

— உங்ககிட்ட பொய் சொல்ல ஏலாது. போயிரும்.

— திரும்பியும் இந்த லயத்துக்கா?

— வேலாயிம்மா...

— மழ வரப்போகுது, எந்திரிங்க தம்பி.

— பதில் சொல்லுங்க.

— ஏம் மகன் அன்னிக்கு வரல. நாங்க பாத்தது வேற பிளேனு.