பாதி மிதித்த கிளட்ச்

பழைய காரில் கிளட்ச் போய்விட்டதா என்று பார்ப்பது சுலபம், இன்ஸ்பெக்டர் ஐயா. கை பிரேக்கை இழுத்துவிட்டு, கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நிற்காமல் உறுமினால் வழுக்குகிறது. புளியஞ்சோலையில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வண்டி விஷயத்தில் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கூட நின்றுபோயிருந்த சமயம். என் காரில் மட்டும் துறையூர் போய்வரும் அளவுக்குப் பெட்ரோல் இருப்பது ஊருக்கே தெரியும். கொல்லிமலையிலிருந்து காளியண்ணன் தன் மனைவி கண்ணாயியைத் தூளியில் போட்டு, உறவுக்காரர்களோடு சுமந்து இறக்கினான். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது.

“ஏனுங்க, எப்படியாச்சும் துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க சாமி” என்று என் காலைப் பிடித்தான்.

என் கையில் மாரியம்மன் காப்பு இருந்தது. காப்புக் கட்டினவன் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருஷம் தீயில் இறங்க முடியாது. எப்போதும் முதல் ஆளாக இறங்குகிறவன் நான். அந்த இடத்தை, எனக்கு அடுத்து இறங்கும் சாமியப்பனுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வர முடியாது என்று சொன்னாலோ ஊரே காறித் துப்பும்.

அதனால் சோதித்துக் காட்டினேன். காளியண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இன்ஜின் உறுமியது, நிற்கவில்லை. என் இடது கால் கிளட்சைப் பாதிதான் விட்டிருந்தது. வேட்டி மறைத்திருந்தது.

“கிளட்ச் தேஞ்சு போச்சப்பா” என்றேன்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, தள்ளினால் ஒருவேளை நகரும், தள்ளிப் பாருங்கள் என்றேன். தூளி சுமந்து வந்த தோள்களாலேயே தள்ளினார்கள். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்; வண்டி அசையவில்லை.

காளியண்ணன் வாய்க்கு வந்தபடி ஏசினான். தூளிக்குள்ளிருந்து அவள்தான் தடுத்தாள்.

“அவரை வையாதீங்க. வண்டி கெட்டுப்போனா அவரு என்னங்க பண்ணுவாரு?”

மாட்டுவண்டியில் போகும்போதே தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றிலிருந்து காரில் ஏறி உட்கார்ந்தால் பின்சீட்டிலிருந்து அவள் அதையேதான் சொல்கிறாள். பகலிலும் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

நீங்கள் ஆள் வைத்துச் சோதித்ததில் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அது சரிதான். நான்தான் செய்தேன். ஆனால் தீமிதியன்று முதல் ஆளாக இறங்கினேன். உள்ளங்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. குற்றவாளியை அம்மன் சும்மா விடுவாளா? சுட்டிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன்.