மூன்றாவது தட்டு

இரவு மணி பன்னிரண்டரை. தாமல் ஏரிக்கரை ரோடு. சைக்கிள் டைனமோ விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை... சிரிக்காமல் கேளுங்கள். நம் கலியனின் மச்சான் பூவராகவனுக்கு எழுபத்தெட்டாம் வருஷம் நடந்தது இது.

கரைக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை. மேலே வானம் பார்த்த பெரிய ஆன்டெனா. எங்கோ தொலைதூரம் போய்விட்ட ஒரு விண்கலத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பூவராகவனுக்கு வேலை. இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது என்று அனுப்பியது. ஆறு வருஷமாகியும், அந்த விண்வெளிக் குளிரில் ஒவ்வொரு கருவியாகச் செத்துக்கொண்டிருந்தும், டொக்... டொக்... என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பதிலுக்குத் தட்டினால் போய்ச் சேர இரண்டு மணி நேரம். அது திரும்பித் தட்டி இங்கே கேட்க இன்னும் இரண்டு மணி நேரம்.

வீட்டிலும் அப்படித்தான் ஓர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அம்சவேணி. நெஞ்சு நோய். மூன்று மாதம் என்று டாக்டர் கைவிரித்து மூன்று வருஷம். கூப்பிடக் குரல் இல்லை என்பதால் கட்டிலைத் தறிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஆள் வேண்டுமென்றால் தறிப் பலகையைத் தட்டுவாள். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, பிறகு ஒரு தட்டு.

அன்று ராத்திரி அவன் வேலைக்குக் கிளம்பும்போது காற்றாய்க் கேட்டாள்.

"கடைசி நேரத்துல பக்கத்துல இருப்பீங்களா? ராத்திரில மூணு தரம் கூப்ட்டாதான் இன்னான்னு கேப்பீங்க நீங்க..."

பேய்க்கு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட வராது என்பார்களே, அதில் ஊறிய ஆள் அவன்.

"உனுக்கு மட்டும் மொத தரத்துக்கே ஓடியாந்துர்றேம்மா," என்றான்.

இரண்டரை மணி. ஹெட்போனில் சத்தம் நின்றது. கொட்டகைக்குள், வீட்டில் தறிப் பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சியின் புளித்த வாசனை... பிறகு, டொக் டொக்... டொக்.

எழுந்தவன் உட்கார்ந்துவிட்டான். கிழட்டு எந்திரம், தடுமாறுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மூன்று மணிக்கு மறுபடியும் அதே தட்டு. சைக்கிள் சாவியைக் கையில் எடுத்தான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. மூன்றாவதற்குக் காத்திருந்தான். பாவி, காத்திருந்தான்.

நான்கு மணிக்கு அதுவும் வந்தது.

பாய்ந்துபோய் கலத்துக்குச் செய்தி அனுப்பும் விசையில் அவள் மாதிரியே பதிலுக்குத் தட்டினான். இரண்டு... ஒன்று. "வந்துட்டேம்மா!" சைக்கிளை எடுத்தான்.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்து சேர ஐந்தேகால் ஆனது. அம்சவேணியின் தங்கை வடிவு அழுது ஓய்ந்து வாசலில் கிடந்தாள்.

"ரெண்டரைக்கு ஒரு தரம் தட்டினா மாமா. மூணு மணிக்கு இன்னொரு தரம். மூணாவதுக்குப் பலகைமேல கைய வெச்சா... தட்டறதுக்குள்ள போயிட்டா."

அப்படியானால் நான்கு மணிக்குத் தட்டியது யார்?

உடலை வாசலுக்குக் கொண்டுவந்ததும் தறிக் கூடத்தைப் பூட்டினார்கள். ஜன்னல் இல்லாத கூடம். சாவி பூவராகவன் மடியில். பாடையைத் தூக்கும்போது மேளம் ஒரு நொடி நின்றது. அப்போது மணி சரியாக எட்டு, அவன் கொட்டகையில் பதிலுக்குத் தட்டி நான்கு மணி நேரம்.

பூட்டிய கூடத்துக்குள் தறி தட்டியது. இரண்டு... ஒரு மூச்சு... ஒன்று.

இந்த முறை அவன் காத்திருக்கவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனான். உள்ளே தாழ் விழுந்தது.

கலியனும் மற்றவர்களும் கதவை உடைத்தார்கள். கூடத்தில் யாரும் இல்லை. பலகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்தப் போன கலியன் கையை உதறிக்கொண்டான். சித்திரை வெயிலில் அந்தக் கட்டை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.