நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள்

பந்துருட்டும் மகளிர் அணிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் தலைமை தாங்கி, இன்று இந்த மேடைக்கும் தலைமை தாங்கி, கையில் மணியோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அன்புச் சகோதரி மெர்ல் டிரான்டர் அவர்களே! நெருப்பைப் பிடித்து இரும்பை இணைக்கும் எங்கள் பட்டறையின் பாய்லர்மேக்கர் பெருமக்களே! கிரேன் ஓட்டும் கண்மணிகளே, லேத் பிடிக்கும் தோழர்களே! கரும்பு வெட்டு நேரத்திலும் வயலை விட்டுவிட்டு வந்திருக்கும் மெக்காய் நகரத்துப் பெரியோர்களே! லாமிங்டன் கேக் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடித்தால்தானே பரிமாறலாம் என்று பொறுமை காக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டெஸ் முல்ஹால் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்த மன்றத்தின் வாசற்படியை மிதித்திருக்கும் அவர் துணைவியார் ரொண்டா முல்ஹால் அவர்களே! உங்கள் அனைவருக்கும் கிளெண்டா பாஸ்கோவின் வணக்கம்.

யாரது? "வலைக்காரி"யா? ஆமாம், வலைக்காரிதான். பட்டறையில் எனக்கு வைத்த பெயர் அது. மீன் பிடிக்கும் வலை அல்ல. கணினித் திரையில் நான் பின்னும் வலை. பெயர் வைத்தவர் கடைசி வரிசையில் இருக்கிறார், இப்போது சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிறார்.

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு "கணினியும் கைத்தொழிலும்". அழகான தலைப்பு. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மெர்ல், மணியைக் கீழே வையுங்கள், இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், இதே குடும்ப விழாவில், இதே மேடையில், இதே மைக்கின் முன்னால் நான் ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன்.

அதற்கு முன் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணினிக்கு இரும்பு தெரியுமா? தெரியாது. இரும்பின் கனம் தெரியுமா? தெரியாது. ஒரு பாகத்தின் படத்தைக் கொடுத்தால், அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நாங்கள்தான் கூறு போட வேண்டும். கட்டங்களின் மூலையில் மூலையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் கணு. கட்டமும் கணுவும் சேர்ந்ததுதான் வலை. பாரம் ஏறும்போது ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்கிறது என்று கணினி கணக்கிடும். அதை வைத்து, இரும்பு எந்த இடத்தில் துன்பப்படுகிறது என்று எங்களுக்குச் சொல்லும்.

சரி, ஒரு பாகத்தின் மேல் இன்னொரு பாகம் உட்கார்ந்தால்? மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை. மேல் கணுவுக்கு நேர்கீழே கீழ்க் கணு நிற்க வேண்டும். நேருக்கு நேர், முகத்துக்கு முகம்! தள்ளி நின்றால் என்ன ஆகும்? பாரம் ஒரு கணுவில் குவியும், பக்கத்துக் கணுவில் காணாமல் போகும். இல்லாத அழுத்தத்தைக் கணினி புள்ளி புள்ளியாகக் காட்டும். இதற்கு வேறு வழிகளும் வந்துவிட்டன என்று என் இளைய நண்பர்கள் சொல்வார்கள். வந்திருக்கின்றன. எனக்கு நேருக்கு நேர் நிறுத்துவதுதான் பிடிக்கும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆறு பிராக்கெட்டுகள் செய்தோம். கன்வேயர் பெல்ட்டின் தலை உருளையைத் தாங்குபவை. ஒரு நிமிர்ந்த பலகை, அதன் அடியில் ஒரு பாதத் தகடு. இரண்டையும் வெல்டு செய்தவர் டெஸ். பாதத் தகடு கீழேயுள்ள உத்திரத்தின் மேல் உட்காரும், நான்கு போல்ட் பிடிக்கும். கணக்குப் பார்த்தவள் நான். பாதத் தகட்டின் அடியில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கணுக்கள். உத்திரத்தின் தலையில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கணுக்கள். ஒன்றுக்கு ஒன்று நேராக நிறுத்தப் பத்து நாள் உட்கார்ந்தேன். முடித்த அன்று எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதை இந்த மன்றம் கொள்ளாது!

வெல்டில் வர வேண்டிய அழுத்தம் அறுபத்திரண்டு என்று அறிக்கை எழுதினேன். நூறு வரை போகலாம். அறுபத்திரண்டு என்றால் ஆண்டுக்கணக்கில் அசையாது.

பதினோரு வாரம்தான் போனது. ஆறில் மூன்று விரிந்துவிட்டன. விரிசல் எங்கே? டெஸ்ஸின் வெல்டில். யாருக்கும் அடிபடவில்லை, பெல்ட் நின்றது, அவ்வளவுதான்.

எங்கள் மேலாளர் வேய்ன் என் மேசைக்கு வந்தார். "கிளெண்டா, உன் கணக்கு சரிதானே?" என்றார். நான் என்ன சொன்னேன்? "நாலாயிரத்து எண்ணூறு ஜோடிக் கணு, ஒண்ணு பிசகல. வேணும்னா நீங்களே பாருங்க" என்றேன். "அப்ப வெல்டுதான்" என்றார். "வெல்டுதான்" என்றேன் நான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அன்று பத்து மணி ஸ்மோகோ இடைவேளையில், தேநீரும் இறைச்சி அப்பமுமாக முப்பது பேர் உட்கார்ந்திருக்க, அதையே எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அந்தச் சனிக்கிழமை இந்த மேடையில் மைக் கையில் கிடைத்தது. வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று, "எங்க வலையில ஓட்டை இல்லீங்க, சில பேரு வெல்டுலதான் ஓட்டை" என்றேன். மன்றம் சிரித்தது. ரொண்டா எழுந்து வெளியே போனார். நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த வேடிக்கைக்குப் போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

டெஸ்ஸுக்கு என்ன ஆபத்து என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெல்டருக்குத் தகுதிச் சான்று உண்டு. அது போனால், முப்பத்தொரு ஆண்டு கை, ஐம்பத்தேழு வயதில், கேட் ஒட்டவும் தகரம் ஒட்டவும்தான் லாயக்கு. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை விசாரணை என்று நாள் குறித்தார்கள். அதுவரை விரிசலைப் பழுதுபார்க்க அவரையே சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முந்தைய புதன்கிழமை காலை. டெஸ் என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து வந்தார். ஏன் தட்டவில்லை என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, பதில் சொல்லும் நிலையில் அவரும் இல்லை.

"இத பாரு" என்று போனை நீட்டினார். வேலிக்கு வெளியே நின்று எடுத்த வீடியோ. பெல்ட் கிளம்புகிறது, பிராக்கெட்டின் பாதத் தகட்டுக்கு அடியிலிருந்து நிலக்கரித் தூசி புஸ்ஸென்று வெளியே வருகிறது. பெல்ட் நிற்கிறது. மறுபடி கிளம்புகிறது. மறுபடி புஸ்!

"பாத்தியா?"

"பாத்தேன். தூசி."

"தூசி எங்கருந்து வருது, வலைக்காரி? தகடு பின்பக்கம் தூக்குது, உக்காருது, தூக்குது, உக்காருது. அடியில பெயின்ட் எல்லாம் தேஞ்சு வெள்ளி மாதிரி பளபளங்குது. இப்ப உன் படத்தத் தெற. இந்தத் தூசி வர்ற சந்து எங்கன்னு எனக்குக் காட்டு."

"டெஸ், விரிசல் விட்டதுக்கு அப்புறம் தூக்கியிருக்கலாம்."

"விரிசலே விடாத மூணு பிராக்கெட்டு இருக்குல்ல? அதுலயும் புஸ்ஸுங்குது. படத்தத் தெறன்னேன்."

திறந்தேன். சிதைவை நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டினேன். தகட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட இல்லை. ஆயிரம் மடங்கு ஆக்கினேன். இல்லை! அந்தச் சந்தியில் ஒரு கணுவைத் தொட்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு எண்கள் வர வேண்டும். வந்தது ஒரே ஒரு எண். அடுத்த கணுவைத் தொட்டேன். ஒன்று. அடுத்தது. ஒன்று.

என்ன நடந்தது தெரியுமா? கணக்கை ஓட்டுவதற்கு முன் வலையைச் சுத்தம் செய்யும் ஒரு வேலை உண்டு. அப்போது கணினி என்னைக் கேட்டது: "ஒரே இடத்தில் இரட்டைக் கணுக்கள் 4,812 உள்ளன. ஒன்றாக்கவா?" வழக்கமாக அது பின்னியவரின் கவனக்குறைவு, சரி என்று அழுத்துவது எங்கள் கைப்பழக்கம். அழுத்திவிட்டேன். அது இரட்டை அல்ல, ஜோடி! அது பிழை அல்ல, என் பத்து நாள் உழைப்பு! நான் கொஞ்சம் மோசமாகப் பின்னியிருந்தால் கணுக்கள் விலகி நின்றிருக்கும், கணினி கேட்டே இருக்காது. துல்லியமாகப் பின்னியதால்தான் மாட்டிக்கொண்டேன். ஒரே விசை, ஒரே நொடி; தகடும் உத்திரமும் கணினிக்குள் ஒரே இரும்பாக ஒட்டிப்போயின. ஒட்டியது தூக்குமா? தூக்காதது வளையுமா? வளையாத தகட்டில் வெல்டுக்கு என்ன வலி தெரியும்?

கணுக்களைப் பிரித்தேன். அழுத்தலாம், விலகலாம், இழுக்க முடியாது என்று விதி கொடுத்தேன். டெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடம் கணக்கு ஓடியது. முடிந்தபோது திரையில் தகட்டின் பின்பக்கம் தூக்கி நின்றது, வீடியோவில் தூசி வந்த அதே இடத்தில். வெல்டில் அழுத்தம் நூற்று எண்பத்தேழு.

"என் வெல்டு பக்கத்துல என் நம்பர் குத்தியிருக்கு" என்றார் டெஸ். "டி.எம். பதினாலு. எவன் வேணா வந்து என்னக் கேக்கலாம். உன் வலை பக்கத்துல யாரு நம்பர் இருக்கு?"

புதிய கணக்கை அச்செடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வேய்னிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, பதறிப்போனார். "புது அறிக்கை குடு. வடிவமைப்ப மாத்துறோம்னு சொல்லிக்கலாம். டெஸ் விஷயம் தானா அடங்கிடும். எதுக்கு ஊரக் கூட்டணும்?" என்றார். எனக்கும் அந்த நிமிடம் அது இதமாகத்தான் இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். கதவருகே நின்றிருந்த டெஸ் சொன்னார்: "அடங்க வேணாம். சொன்ன எடத்துலதான் திருப்பிச் சொல்லணும்."

மறுநாள் ஸ்மோகோவில் எழுந்து நின்றேன். முப்பது பேர் முன்னால் சொன்னேன். வெள்ளிக்கிழமை விசாரணையில் புதிய கணக்கை நானே வாசித்தேன். சான்று டெஸ்ஸிடமே தங்கியது.

திங்கட்கிழமை என் நாற்காலியில், இரும்பில் எழுத்துக் குத்தும் இரண்டு எஃகு அச்சுகள் கிடந்தன. ஒன்றில் ஜி, ஒன்றில் பி. சீட்டு எதுவும் இல்லை, தேவையும் இல்லை. தகட்டைத் தடிமனாக்கி, போல்ட்டை நெருக்கிப் புதிய பிராக்கெட்டுகள் செய்தோம். டெஸ் வெல்டு செய்து, ஒரு பக்கம் தன் எண்ணைக் குத்தினார். எதிர்ப்பக்கம் நான் என் எழுத்தைக் குத்தினேன். சுத்தியல் பிடித்து எனக்குப் பழக்கம் ஏது? "ஆணி அடிக்கிறியா, கொசு அடிக்கிறியா?" என்றார் டெஸ். முதல் ஜி கோணலாக விழுந்தது. மூன்று மழைக்காலம் கண்டும் அந்தக் கோணல் ஜி அங்கேயே இருக்கிறது. வெல்டு விரியவில்லை.

இன்று எங்கள் பட்டறையில் வெல்டு செய்தவரும் கணக்குப் பார்த்தவரும் தத்தம் அடையாளத்தை எதிரெதிரே பதிக்கிறோம். நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடக் கூடாது! இரண்டு பேர் நின்றால்தான் நடுவே தூக்குவது தெரியும்! இரண்டு பேர் நின்றால்தான் நீ சொல்வது தவறு என்று ஒருவர் சொல்ல முடியும்! அந்தக் கணுக்களுக்கு நான் செய்த அநியாயத்தை அன்று அந்த மனிதருக்கும் செய்தேன்: எதிரே ஒருவர் நிற்கிறார் என்பதையே அழித்துவிட்டேன்.

மெர்ல் மணியைத் தூக்குகிறார். அரை நிமிடம், தாயே.

ஸ்மோகோவில் சொன்னதை ஸ்மோகோவில் திரும்ப எடுத்தேன். இந்த மேடையில் சொன்னது அப்படியே கிடந்தது. ஒரு ஆண்டு புயல், ஒரு ஆண்டு வெள்ளம், விழா நடக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சென்றேன். கதவைத் திறந்த ரொண்டா, "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் அன்னிக்கு தனியாவா உக்காந்திருந்தேன்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கேட்டது நியாயம்.

ஆகவே, ரொண்டா முல்ஹால் அவர்களே! இந்த ஊரும் கேட்கட்டும். உங்கள் கணவரின் வெல்டில் குறை இல்லை. குறை என் வலையில். அன்று நான் சொன்னது பொய்.

என்னம்மா? சரியாகக் காதில் விழவில்லை. "கேக்கல, இன்னொரு தரம் சொல்லு" என்கிறார். சொல்கிறேன், ரொண்டா! மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே சொல்கிறேன். டெஸ் முல்ஹாலின் வெல்டில் குறை இல்லை! குறை கிளெண்டா பாஸ்கோவின் வலையில்!

இப்போது கேட்டது என்று தலையை ஆட்டுகிறார். போதும். பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், லாமிங்டனைக் காத்த தாய்மார்களுக்கும், நேரம் நீட்டித் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாருக்கும் வணக்கம். மெர்ல், இனி நீங்கள் மணி அடிக்கலாம்.